வசந்தத்தை முந்திவிடாதீர்கள்: நீண்ட சைக்கிள் பயணத்துக்கு நாள் குறிக்கும் முறை

புதிதாக நீண்ட பயணம் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் காலண்டரில்தான் தடுக்கி விழுகிறார்கள். புறப்படும் ஊரில் வெயில் இதமாக இருக்கிறது, மரங்கள் பூத்துவிட்டன, விடுப்பும் கிடைத்துவிட்டது. கிளம்பிவிடுகிறார்கள். பத்தாம் நாள், மலைச்சாலையின் குறுக்கே பூட்டிக் கிடக்கும் இரும்புத் தடுப்பின் முன் போய் நிற்கிறார்கள்.

நானும் நின்றிருக்கிறேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சாலை என்று எதுவும் தெரியவில்லை. இடுப்பளவு வெண்பனி, அதன் மேல் ஏதோ ஒரு விலங்கின் கால்தடம். இரண்டு நாள் மூச்சு வாங்க ஏறிய 60 கிலோமீட்டரைத் திரும்ப இறங்கினேன்.

இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரையிலான பயணத்தை, நான்கு பருவமும் தெளிவாக மாறும் நாடுகளில் வசந்தத்தில் செய்ய நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. மார்ச் முதல் மே வரை என்று பூமியின் வடபாதிக்கு எழுதியிருக்கிறேன். தென்பாதிக்குப் போகிறவர்கள் செப்டம்பர் முதல் நவம்பர் என்றும், வடக்கு என்று வரும் இடங்களில் தெற்கு என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். கருவிகளை வாங்கிவிட்டுப் பாதையை யோசிப்பது, செருப்பை வாங்கிவிட்டுக் காலை அளப்பது மாதிரி.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

உயரக் கோடுகள் தெரியும் வரைபடம் ஒன்று. பாதையிலுள்ள நான்கைந்து இடங்களுக்கு, கடந்த பத்து ஆண்டுகளின் தினசரி வானிலைப் பதிவு. மலைச்சாலைகள் எந்த ஆண்டு எந்தத் தேதியில் திறந்தன என்ற தகவல். சாலைத் துறைகள் பெரும்பாலும் இதை வெளியிடுகின்றன. சூரிய உதய, அஸ்தமன அட்டவணை.

இவற்றோடு உங்கள் உண்மையான வேகம். முழுச் சுமையோடு நீங்கள் கடைசியாக ஓட்டிய மூன்று நீண்ட நாள்களின் சராசரியைத்தான் சொல்கிறேன். சுமை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டிய வேகம் இங்கே உதவாது. இந்த எண்ணில் பொய் சொன்னால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பொய்யாகும்.

2. பாதையின் முரட்டு இடங்களைக் குறியுங்கள்

பாதையை வரைந்ததும் அதில் மூன்று இடங்களை வட்டமிடுங்கள்: மிக உயரமான இடம், மிக வடக்கே உள்ள இடம், ஆற்றுக்கு மிக அருகில் தாழ்ந்து போகும் இடம்.

உயரமான இடத்தில் வெண்பனி காத்திருக்கும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம்; வழக்கமாக மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் திறக்கிறது. அமெரிக்காவின் மொன்டானாவில் கோயிங்-டு-த-சன் சாலை முழுமையாகத் திறக்க ஜூன் கடைசி அல்லது ஜூலை ஆகிவிடும், அதன் உச்சியான லோகன் கணவாய் 2,026 மீட்டர்தான் என்றாலும். ஆகவே உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. எவ்வளவு வடக்கே இருக்கிறது, குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுகிறது என்பதும் சேர்ந்துதான் தேதியைத் தீர்மானிக்கும்.

ஆற்றோர இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மலையில் உருகும் பனி வசந்தத்தில்தான் ஆற்றுக்கு வருகிறது. கரையை ஒட்டிய சைக்கிள் பாதைகள், பாலத்துக்கு அடியில் புகுந்து போகும் பாதைகள் மேலே வெயில் அடிக்கும்போதே நீரில் மூழ்கிக் கிடக்கும். மலை இல்லாத சமவெளிப் பாதையைத் தேர்ந்தேன், ஆகவே பிரச்சினை இல்லை என்று நினைத்தால், அந்த ஆறு எந்த மலையிலிருந்து வருகிறது என்று ஒரு முறை பாருங்கள்.

3. வசந்தம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒன்றைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ரூ டெல்மார் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1918-இல் ஒரு கணக்கைச் சொன்னார். மரம் துளிர்ப்பது, பூப்பது போன்ற வசந்த நிகழ்வுகள் வடக்கே 1 டிகிரி அட்சரேகை போகப் போக 4 நாள் தாமதமாகின்றன. உயரத்தில் 400 அடிக்கு, அதாவது சுமார் 120 மீட்டருக்கு, இன்னொரு 4 நாள். வட அமெரிக்காவுக்காகச் சொல்லப்பட்ட தோராயக் கணக்கு அது. கடற்கரையும் மலைச்சரிவின் திசையும் அதைக் கலைத்துவிடும். ஆனாலும் பயணத் திட்டத்தின் முதல் வரைவுக்கு இதைவிடக் கைக்கடக்கமான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

இதைச் சைக்கிள்காரரின் கண்ணால் பாருங்கள். ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். நான்கு நாளில் 111 என்றால் வசந்தம் ஒரு நாளைக்கு 28 கிலோமீட்டர் வடக்கே நகர்கிறது. நீங்களோ ஒரு நாளைக்கு 70, 80 ஓட்டுகிறீர்கள். வடக்கு நோக்கிப் போனால் வசந்தத்தை முந்திக்கொண்டு மறுபடி குளிர்காலத்துக்குள் நுழைகிறீர்கள். நாள் ஆக ஆக வானிலை நல்லதாகும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. அது வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. வடக்கே ஓட்டுகிறவருக்கு நாள் ஆக ஆகக் குளிர் கூடும்.

ஏறும்போது நிலைமை இன்னும் மோசம். ஒரே நாளில் 1,200 மீட்டர் ஏறினால், இந்தக் கணக்குப்படி 40 நாள் பின்னால் போகிறீர்கள். காலையில் ஆப்பிள் மரம் பூத்திருந்த பள்ளத்தாக்கில் சைக்கிளை மிதிக்கத் தொடங்கி, மாலையில் மொட்டே விடாத மரங்களுக்கு நடுவே நிற்பது இதனால்தான்.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஏப்ரல் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நிற்கும் உயரமும் ஆகஸ்ட் 22 வாக்கில் நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெயில் அதே வெயில். ஆனால் நிலமும் கடலும் இன்னும் சூடேறவில்லை. குளிர்கிறதே என்று முகத்துக்குக் களிம்பு பூசாமல் போகிறவர்கள் மூன்றாம் நாள் மூக்குத் தோல் உரிந்து நிற்பார்கள். பனி படர்ந்த இடத்தில் கீழிருந்தும் ஒளி திரும்பி வரும்.

4. வானிலைப் பதிவில் சராசரியைத் தாண்டிப் படியுங்கள்

“ஏப்ரலில் சராசரி 11 டிகிரி” என்ற வரி எந்த முடிவுக்கும் உதவாது. ஒரு நாள் 19, மறுநாள் 3 என்று ஆடும் மாதத்துக்கும் 11 வரும். எல்லா நாளும் 11 இருக்கும் மாதத்துக்கும் அதே 11 வரும். வசந்தம் முதல் வகை.

பத்து ஆண்டுப் பதிவை எடுத்து, நீங்கள் அங்கே இருக்கப்போகும் வாரத்தையும் அதற்கு முன்பின் வாரங்களையும் மட்டும் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும். எத்தனை இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போயின? எத்தனை நாள்கள் மழையும் 8 டிகிரிக்குக் கீழான பகலும் சேர்ந்து வந்தன? அப்படி நாள்கள் தொடர்ச்சியாக வந்தபோது அதிகபட்சம் எத்தனை நாள் நீடித்தன? மூன்றாவது கேள்வியின் விடைதான் நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டிய உபரி நாள்களின் எண்ணிக்கை.

வானிலை நிலையம் பெரும்பாலும் பள்ளத்தாக்கிலோ விமான நிலையத்திலோ இருக்கும். கணவாய்க்கு அந்த எண்ணை அப்படியே வைக்காதீர்கள். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி கழியுங்கள். கீழே 12 டிகிரியில் மழை என்றால், 1,800 மீட்டர் மேலே அது பூஜ்யம். அங்கே விழுவது மழையாக இருக்காது.

5. பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நாளைக் குறியுங்கள்

எப்போது விடுப்பு கிடைக்கும் என்று முன்னோக்கி எண்ணத் தொடங்காதீர்கள். முரட்டு இடம் எப்போது பாதுகாப்பாக இருக்கும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 டிகிரி அட்சரேகையில், 100 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறீர்கள். முரட்டு இடம் 46 டிகிரியில் 1,300 மீட்டர் உயரக் கணவாய், 14-ஆம் நாள் வருகிறது. அட்சரேகைக்கு 16 நாள், உயரத்துக்கு 40 நாள், மொத்தம் 56 நாள். ஏப்ரல் 1 அன்று புறப்பட்டால் ஏப்ரல் 15 அன்று கணவாயில் இருப்பீர்கள். அங்கே உங்களை எதிர்கொள்வது, புறப்பட்ட ஊரில் பிப்ரவரி 18 வாக்கில் இருந்த பருவம். பிப்ரவரி 18 அன்று வெளியே கூடாரம் போட்டுத் தூங்கியிருப்பீர்களா? இந்தக் கேள்விக்கு உடனே ஆமாம் என்று சொல்ல முடியாவிட்டால் தேதியை மாற்றுங்கள்.

தொடங்கும் ஊரின் ஏப்ரல் 1 வானிலையே கணவாயிலும் வேண்டும் என்றால், அது மே 27 வாக்கில்தான் அங்கே வரும். ஒரு வாரம் கூடுதலாக விட்டு ஜூன் 3 என்று வையுங்கள். அதிலிருந்து 14 நாள் ஓட்டமும் 3 நாள் உபரியும் கழித்தால் மே 17. அதுதான் புறப்படும் நாள்.

மே 17 வரை விடுப்பு தள்ளிப் போகாது என்றால் மூன்று வழிகள் உண்டு. கணவாயைப் பயணத்தின் கடைசிக்கு மாற்றுவது. கணவாயை விட்டுத் தாழ்வான சுற்றுவழியில் போவது. முழுப் பாதையையும் ஒரே அட்சரேகையில், கிழக்கு மேற்காக, தாழ்வான நிலத்திலேயே வைத்துக்கொள்வது. முதல் வசந்தப் பயணம் செய்கிறவர்களுக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன். “பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் உருகிவிடும்” என்பது நான்காவது வழி. அதில் போனவன்தான் மேலே 60 கிலோமீட்டர் திரும்பிய கதையைச் சொன்னவன்.

தேதி முடிவானதும் தங்குமிடங்களைப் பாருங்கள். பல முகாம் மைதானங்கள் ஏப்ரல் நடுவிலோ மே தொடக்கத்திலோதான் திறக்கின்றன. ஐரோப்பாவில் சில ஈஸ்டரை ஒட்டித் திறக்கும். ஈஸ்டரோ ஆண்டுக்கு ஆண்டு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை நகரும். வரைபடத்தில் கூடாரக் குறி இருப்பதாலேயே அங்கே தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

6. காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்

மலை ஏறினால் இறக்கம் உண்டு. எதிர்காற்றுக்கு அப்படி எந்த ஈடும் கிடையாது.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. காற்றே இல்லாதபோது மணிக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே வேகத்தைத் தக்கவைக்க மூன்று மடங்குத் தடையைத் தள்ள வேண்டும். யாராலும் நாள் முழுக்க முடியாது, வேகம் ஏறக்குறையப் பாதியாகும். 80 கிலோமீட்டர் என்று வைத்த நாள் 50-இல் முடியும்.

நடு அட்சரேகைகளில் காற்று பொதுவாக மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போவது பாதுகாப்பான ஊகம். ஆனால் வசந்தத்தில் அந்த ஒழுங்கு அடிக்கடி குலையும், வட்டாரக் காற்றுகள் அதைவிட வலியவை. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்ட்ரல், குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் உக்கிரமாக இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் தெற்கு நோக்கிப் போகிறவர் மிதிக்காமலே போவார். வடக்கு நோக்கிப் போகிறவர் இறக்கத்திலும் மிதிப்பார். பாதை ஒன்றுதான், தொடங்கும் முனை மட்டுமே வேறு. ஆகவே ரயில் டிக்கெட் எடுக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள்.

வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். சூடான நிலம் மேலேயுள்ள வேகமான காற்றைக் கீழே இழுத்து வருவதால் பிற்பகல்தான் மோசம். கடலோரத்தில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். திறந்த வெளியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். காடும் ஊரும் உள்ள பகுதியைப் பிற்பகலுக்கு விடுங்கள்.

7. ஒரு நாளின் தூரத்தைக் குறைத்து எழுதுங்கள்

முதல் படியில் எடுத்த சராசரியில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆறு நாளுக்கு ஒரு நாள் எதுவும் எழுதாமல் விடுங்கள். அது ஓய்வு நாள் என்று நினைத்து ஊர் சுற்றத் திட்டம் போடாதீர்கள். மழையும் காற்றும் எடுத்துக்கொள்ளப்போகும் நாள் அது. அவை எடுக்காவிட்டால் உங்களுக்கு லாபம்.

பகல் வெளிச்சம் உங்களுக்குச் சாதகமாக நகர்கிறது. 50 டிகிரி அட்சரேகையில் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குச் சுமார் 4 நிமிடம் பகல் நீள்கிறது. ஒரு மாதப் பயணத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆகவே முதல் வாரத்தில் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் தூரத்தை வையுங்கள். கால்களுக்கும் அதுதான் நல்லது. ஆனால் காலை முதல் மணி நேரத்தை வெளிச்சம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். குளிர் மிக அதிகமாக இருப்பது சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான். சாலையில் உறைந்த ஈரமும் அப்போதுதான் வழுக்கும்.

8. விலகிப் போகும் வழிகளை முன்பே எழுதி வையுங்கள்

ஒவ்வொரு மூன்று நாள் துண்டுக்கும் ஒரு மாற்று: தாழ்வான சாலை, சைக்கிள் ஏற்றும் ரயில், அல்லது இரண்டு நாள் உட்கார்ந்திருக்கக்கூடிய கூரையுள்ள இடம். வீட்டில் சூடாக உட்கார்ந்திருக்கும்போதே எழுதுங்கள். நனைந்து நடுங்கும்போது மூளை ஒரே ஒரு யோசனையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்: இன்னும் கொஞ்சம் தூரம்தான்.

அந்தத் தாளில், எது நடந்தால் விலகுவேன் என்பதையும் எழுதுங்கள். என்னுடையது இப்படி: கணவாயில் வெண்பனி முன்னறிவிப்பு இருந்தால் ஏறுவதில்லை, காற்றின் திடீர் வீச்சு மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் திறந்த வெளியில் ஓட்டுவதில்லை, உடுத்தியதும் மாற்று உடுப்பும் இரண்டும் நனைந்துவிட்டால் அடுத்த கூரையில் நிறுத்தம்.

9. ஈரத்துக்கு உடுத்துங்கள், குளிருக்கு அப்புறம்

வறண்ட பூஜ்யம் டிகிரியில் ஓட்டுவது சுகம். மழையோடு 5 டிகிரியில் ஓட்டுவதுதான் ஆபத்து. நனைந்த துணி உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சும். சைக்கிளில் காற்று எப்போதும் மேலே வீசிக்கொண்டே இருக்கும். 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இருப்பது போல.

புதியவர்கள் ஒரே ஒரு தடித்த ஜாக்கெட் எடுத்து வருகிறார்கள். ஏற்றத்தில் வியர்த்து உள்ளிருந்தே நனைந்துவிடும். மெல்லியவை மூன்று அடுக்கு எடுங்கள்: உடம்போடு ஒட்டும் கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, நடுவில் சூடு தருவது ஒன்று, மேலே மழையும் காற்றும் தடுப்பது ஒன்று. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. கிளம்பிய முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள்.

ஏற்றத்தின் உச்சியில் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. படம் எடுப்பதற்கு முன், தண்ணீர் குடிப்பதற்கும் முன், ஜாக்கெட்டையும் கையுறையையும் போடுங்கள். உடம்பு சூடாக இருக்கும்போது போட்டால்தான் உடை அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். ஐந்து நிமிடம் காற்றில் நின்று நடுங்கிய பிறகு போட்டால் குளிரைத்தான் உள்ளே வைத்து மூடுகிறீர்கள்.

கையும் காலும்தான் பயணத்தை முடிக்கும் உறுப்புகள். ஒரு முறை என்னோடு வந்தவர் விலையுயர்ந்த, நனையாத கையுறை ஒரு ஜோடி மட்டும் வைத்திருந்தார். கழற்றிப் போடும்போது மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் புகுந்தது. நனையாத கையுறை உள்ளே வந்த தண்ணீரையும் வெளியே விடாது. இறக்கத்தில் அவர் விரல்கள் பிரேக் பிடியை உணரவில்லை. கையைப் பார்த்துப் பார்த்து, இரண்டு கையாலும் அழுத்தி, வளைவுக்கு வளைவு நின்று இறங்கினார். அன்றிலிருந்து இரண்டு ஜோடி கம்பளிக் கையுறையும், அவற்றின் மேல் மாட்ட பாத்திரம் கழுவும் ரப்பர் உறையில் பெரிய அளவு ஒன்றும் என் பையில் இருக்கின்றன. பார்க்கக் கேலியாக இருக்கும், வேலை செய்யும். காலுக்கு ஷூ மேலுறை. அது கிழிந்தால் காலுறைக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பை.

கூட வருபவர் ஜிப்பைப் போட முடியாமல் தடுமாறினால், பேச்சு குழறினால், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓட்டினால், அவர் சொல்லும் “எனக்கு ஒன்றுமில்லை” என்பதைக் காதில் வாங்காதீர்கள். உடல் வெப்பம் இறங்குகிறது. நிறுத்தி, காற்றுப் படாத இடத்தில் ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, இனிப்பாக ஏதாவது கொடுங்கள்.

10. இரவுக்கான ஏற்பாடு

தூக்கப் பையில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஐஎஸ்ஓ 23537 தரத்தின்படி “கம்ஃபர்ட்” என்பது தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பநிலை. “லிமிட்” என்பது சுருண்டு படுத்தால் தாங்கக்கூடியது. கடைக்காரர் பெரிதாகக் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவதை. நீங்கள் முதலாவதைப் பாருங்கள், அதுவும் நான்காம் படியில் கண்ட மிகக் குளிர்ந்த இரவுக்கு. விரிப்பையும் மறக்காதீர்கள், வசந்தத்தில் காற்றைவிடத் தரைதான் உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சும்.

கூடாரத்தைப் பள்ளத்தின் அடியில், ஓடையை ஒட்டிப் போடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் தண்ணீர் மாதிரி வழிந்து அங்கேதான் தேங்கும். சரிவில் கொஞ்சம் மேலே போனாலே சில டிகிரி வித்தியாசம் தெரியும், காலையில் கூடாரத் துணியும் அவ்வளவு நனைந்திருக்காது.

கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். வெறும் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. உறைபனிக் காலையில் அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்தது வாங்குங்கள். இரவில் சிலிண்டரையும் போனையும் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஐஸ் மேலே கட்டும், மூடியின் பக்கம் திறந்திருக்கும்.

11. சைக்கிளில் மாற்ற வேண்டியவை

முழு மட்கார்டு, முன்சக்கரத்தில் தரையை நெருங்கும் மடிப்போடு. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர்தான் காலை நனைக்கிறது, மழை அவ்வளவு நனைப்பதில்லை. மட்கார்டு இல்லாமல் கிளம்பாதீர்கள், வேறு எதை விட்டுவிட்டாலும்.

டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல். குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கச் சாலையில் தூவிய பொடிக்கல் வசந்தத்தில் ஓரமாகவும் வளைவுகளிலும் ஒதுங்கிக் கிடக்கும். உறைந்து உருகியதால் தாரும் குழி விழுந்திருக்கும். 20 டிகிரி அறையில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர் 5 டிகிரிக் காலையில் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். பஞ்சர் என்று பதற வேண்டாம், கொஞ்சம் அடித்தால் போதும்.

செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெய். மழை நாளின் மாலையில் துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் போடுங்கள். காலையில் போடலாம் என்று விட்டால் இரவே துரு பிடிக்கும். ரிம் பிரேக் (சக்கர விளிம்பை அழுத்திப் பிடிப்பது) உள்ளவர்கள் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள். ஈர ரிம்மில் முதல் சுற்றுகள் தண்ணீரைத் துடைக்கவே போகும், அப்புறம்தான் பிடிக்கும்.

ஒரு சின்ன விஷயம். கியர் கம்பி போகும் குழாய்க்குள் மழைநீர் புகுந்து இரவில் உறைந்தால், காலையில் கியர் நகராது. என் சைக்கிள் ஒரு முறை ஒன்பது மணி வரை ஒரே கியரில் ஓடியது. கிளம்பும் முன் கம்பிகளைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டுங்கள்.

12. இரண்டு இரவு ஒத்திகை

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன், முன்னறிவிப்பு மோசமாக உள்ள ஒரு வாரக்கடைசியைத் தேர்ந்து முழுச் சுமையோடு இரண்டு இரவு போய் வாருங்கள். ஓர் இரவு போதாது. முதல் நாள் எல்லாம் உலர்ந்திருக்கும். நனைந்த கூடாரத்தை மடக்கி, அதையே மறுநாள் மாலை விரித்துப் படுக்கும்போதுதான் எது தேவை, எது சுமை என்று தெரியும். மூன்று வாரம் எதற்கு என்றால், வாங்கவும் மாற்றவும் அந்த அவகாசம் வேண்டும்.

13. சாலையில் ஒவ்வொரு நாளும் எடுக்கும் முடிவு

முதல் நாள் இரவே முன்னறிவிப்பைப் பாருங்கள். மூன்று நாள் வரை நம்பலாம், ஐந்து நாள் வரை போக்கு தெரியும், பத்தாம் நாள் என்று போட்டிருப்பதைப் படித்து மனத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்கும் வரிசை: முதலில் காற்றின் திசையும் வீச்சும், பிறகு மணிவாரி மழை அளவு, கடைசியில் வெப்பநிலை. மழைக்கு 60 சதவீத வாய்ப்பு என்பது எவ்வளவு மழை என்று சொல்லாது; மில்லிமீட்டரைப் பாருங்கள்.

தமிழில் எல்லாவற்றையும் பனி என்று சொல்லிவிடுகிறோம். சைக்கிள்காரர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெண்பனி தூரத்திலேயே தெரியும். மூடுபனிக்கு விளக்கு போட்டால் ஓட்டலாம். புல்லில் உறைபனி வெள்ளையாக இருந்தால், சாலையில் ஈரமாக மின்னுவதும் தண்ணீராக இல்லாமல் கண்ணாடி மாதிரியான ஐஸ் படலமாக இருக்கலாம். வெப்பமானி ஆள் உயரத்தை ஒட்டி அளக்கிறது, தரை அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஆகவே முன்னறிவிப்பு 3 டிகிரி என்றாலும், மேகமில்லாத, காற்றில்லாத இரவுக்குப் பிறகு இதை எதிர்பாருங்கள். பாலங்கள் முதலில் உறையும், ஏனென்றால் அவற்றின் அடியிலும் காற்று. அங்கே பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள், மிதிப்பதை நிறுத்தி நேராகப் போய்விடுங்கள்.

பாதையின் குறுக்கே பனி உருகி ஓடும் ஓடை வந்தால், அதிகாலையில் கடப்பது நல்லது. பகல் வெயிலில் உருகியது பிற்பகலிலும் மாலையிலும்தான் வந்து சேரும். மாலை நான்கு மணிக்கு முழங்காலுக்கு மேல் ஓடுகிற ஓடைக்கு முன் கூடாரம் போட்டுத் தூங்கி, காலை ஆறு மணிக்குக் கணுக்கால் நனையக் கடந்திருக்கிறேன்.

சிக்னல் இல்லாத இடத்தில் உங்கள் சைக்கிள் கணினியே வானிலை நிலையம். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் வகையாக இருந்தால், இரவு நிறுத்தும்போது அது காட்டும் உயரத்தைக் குறித்துவையுங்கள். காலையில் நகராமலே 40 மீட்டர் “ஏறியிருந்தால்”, அழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது என்று பொருள். மோசமான வானிலை வந்துகொண்டிருக்கிறது. கூடாரத்தை உலர்ந்திருக்கும்போதே மடக்குங்கள், மழைச் சட்டையைப் பையின் மேலாக வையுங்கள், எட்டாம் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள்.